வாசகர் என்கிற கண்: மின்னூலகமும் வாசிப்பின் அதிகாரமும்

1

சென்ற மாதம் தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரியில் தமிழ் நடத்துபவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'உங்க பத்திரிகையோட பழைய இதழ் ஒண்ணை ஒருத்தர் பிடிஎஃப்பா அனுப்பி வெச்சார் தோழர். அது பேசுறதைக் கேளுங்க' என்றார். கணினி என்னவோ உளறியது. அவர் அதை நிறுத்தி, முதல் சொல்லை எழுத்தெழுத்தாகப் படிக்கச் செய்தார். 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்றது அது.

'இது என்ன சொல்லு, சொல்லுங்க பாப்போம்.'

எனக்குத் தெரியவில்லை.

'தமிழ்' என்றார் அவர். 'தமிழ்ங்கிற வார்த்தையை உங்க பத்திரிகை இப்படித்தான் உச்சரிக்குது.'

நடந்தது இதுதான். அந்த இதழ் பாமினி எழுத்துருவில் கோக்கப்பட்டது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டி வைத்தவை. கோப்புக்குள் இருப்பது 'ஜே' என்ற எழுத்து, திரையில் வரையப்படுவது 'த'. கண்ணுக்கு இந்த ஏமாற்று தெரியாது, அதற்குப் படம் போதும். திரைவாசிப்பான் என்ற மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை. கோப்புக்குள் இருக்கும் குறியீட்டை எடுத்து உச்சரிக்கிறது. ஆக நாம் இத்தனை வருஷமாகத் தமிழ் என்று நினைத்து அச்சடித்தது, கோப்பு என்கிற அளவில், தமிழே அல்ல.

பிறகு இன்னொரு இதழைத் திறந்தார். அது மின்வருடியில் போட்டு எடுத்தது. பக்கம் பக்கமாகப் புகைப்படம். இந்த முறை கணினி பேசவே இல்லை. 124 பக்க இதழ் அதற்கு வெறும் வெள்ளைத் தாள். ஒரு பிரதி உளறுகிறது, இன்னொரு பிரதி வாயே திறக்கவில்லை. இரண்டையும் நாம் 'மின்னூல்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மின்னூலகம் எல்லோருக்கும் அறிவைத் திறந்துவிட்டது என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. மேடைக்கு மேடை சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். அந்த 'எல்லோரும்' யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. வாசகர் என்று நாம் கற்பித்து வைத்திருக்கும் உருவம் எது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

2

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்து வந்த காலம் அது. ஒரு நூலின் எல்லாப் பக்கங்களையும் படமாக அனுப்புவது என்றால் விடிந்துவிடும். எழுத்தாக அனுப்பினால் நொடிகளில் போய்ச் சேரும். ஆகவே எழுத்து.

அவர்கள் யாரும் பார்வையற்ற வாசகரை மனதில் வைத்து இதைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் யூனிகோடுக்கு மாற்றப்பட்ட அந்தப் பிரதிகளைத்தான் திரைவாசிப்பான் இன்று தடையில்லாமல் படிக்கிறது. பெரிதாக்கினால் பெரிதாகிறது. வரி இடைவெளியைக் கூட்டினால் கூடுகிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பித் தெரிகிற கற்றல் குறைபாடு உள்ளவர் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது.

பிறகு வசதி வந்தது. சேமிப்பு மலிந்தது, இணையம் வேகம் பிடித்தது, மின்வருடிகள் வந்து இறங்கின. ஆயிரக்கணக்கில், பதினாயிரக்கணக்கில் நூல்கள் படமாக ஏறின. வறுமை நமக்கு எழுத்தைத் தந்தது, வசதி படத்தைத் தந்தது. எண்ணிக்கை ஏற ஏற பார்வையற்றவருக்கான நூலகம் விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போயிற்று. இந்த முரணை நாம் கவனிக்கவே இல்லை.

படம் எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான பிறகு, கையில் மிஞ்சிய தாளை எப்படியாவது காப்பாற்று என்ற பதற்றம் எவருக்கும் வரத்தான் செய்யும். 2005இல் உருவான நூலகம் திட்டத்தின் உழைப்பை அந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கரையான் தின்னும் தாளுக்கு முதல் உதவி படம்தான். நம் பிரச்சினை முதல் உதவியையே முழு வைத்தியம் என்று நினைத்து நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு என்பது நூல் என்கிற பொருளுக்குச் செய்வது. வாசிப்பு என்பது வாசகருக்கு நேர்வது. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்பினோம்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் இன்று தமிழுக்கு இருக்கிறது, ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது கொடுப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் துதிக்கை போட்ட 'ணை'யும் சுழித்த 'றா'வும் வந்தால் தடுமாறும். மங்கிய அச்சில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றாகிவிடும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் இடது பத்தியின் முதல் வரியையும் வலது பத்தியின் முதல் வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கிவிடும். மனிதர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இப்படித் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து, தன்னார்வலர்கள் கையால் பக்கம் பக்கமாகத் திருத்தப்பட்டு வருகின்றன. பக்கப் படம் ஒரு பாதியிலும் எழுத்து மறுபாதியிலும் இருக்கும். இந்த வேலைக்கு விழா கிடையாது, பொன்னாடை கிடையாது. ஆனால் ஒரு நூலை நூலாக்குகிற வேலை இதுதான்.

3

'ஆசிரியர் செத்துவிட்டார், வாசகர் பிறந்துவிட்டார்' என்று பார்த்தை வைத்துக்கொண்டு 90களில் எவ்வளவு எழுதியிருப்போம்! பிறந்த அந்த வாசகருக்கு இரண்டு கண் இருந்தது, புத்தகத்தைப் பிடிக்க இரண்டு கை இருந்தது, பக்கத்தைப் புரட்ட விரல் இருந்தது. இதையெல்லாம் நாம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது. சாதியாலும் பாலாலும் அடையாளமற்ற 'பொது வாசகர்' என்று ஒருவர் கிடையாது என்று சண்டை போட்ட நாமே, உடல் அடையாளமற்ற வாசகர் ஒருவரைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம்.

போர்ஹேஸ் நமக்குப் பிடித்தவர். 1955இல் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கு அவர் இயக்குநரானபோது அவரால் அநேகமாகப் படிக்க முடியாமல் போயிருந்தது. இதை முடிவற்ற நூலகம், கண்ணாடி, இருள் என்று உருவகங்களாக அடுக்கிக் கொண்டாடினோம். அவருக்கு யார் படித்துக் காட்டினார்கள் என்று நாம் கேட்டதுண்டா? தாயார் படித்தார். 60களில் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் போய்ப் படித்தான். பின்னாளில் வாசிப்பின் வரலாற்றை எழுதிய ஆல்பெர்தோ மாங்குவெல்தான் அந்தப் பையன். பார்வையின்மையைத் தத்துவத்துக்கும் கவிதைக்கும் உருவகமாக எடுத்துக்கொள்கிறோம். பார்வையற்றவரை நூலகத்துக்குள் விடுவதில்லை.

இதில் வேடிக்கை, காதால் வாசிப்பது தமிழுக்குப் புதிதே இல்லை. குறளில் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களுக்கு அடுத்து வருவது கேள்வி. ஏட்டை ஒருவர் படிக்க ஊர் கேட்டது. பெரிய எழுத்துக் கதைகளைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, எழுத்தறியாதவர்கள் மனப்பாடமே செய்தார்கள். டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்ததால்தான் திராவிட இயக்கமும் இடதுசாரி இயக்கமும் பள்ளிக்கூடம் போகாத சனங்களிடம் போய்ச் சேர்ந்தன. வாய்விட்டுப் படிக்காமல் தனியாக, மௌனமாக, கண்ணை மட்டும் ஓட்டிப் படிப்பது எல்லோருக்குமான வழக்கமானது நவீன அச்சோடு. அந்தக் குறுகிய வழக்கத்தை வாசிப்பின் சாரம் என்று ஆக்கிவிட்டு, 'கேக்கிறதெல்லாம் படிப்பாகுமா?' என்று இன்று கேட்கிறோம்.

கேட்டலைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயமும் அரக்கும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். யாருடைய காதுக்கு எது போய்ச் சேரலாம் என்பது இங்கே எப்போதும் அதிகாரத்தின் விஷயமாகவே இருந்திருக்கிறது. இன்றைய மின்னூலகம் யார் காதிலும் எதையும் ஊற்றவில்லை. அது யாரையும் வெளியே போ என்று சொல்வதும் இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாது. இந்தத் தெரியாமைக்குப் பின்னால் தீய எண்ணம் இல்லை என்பதால் விளைவு மாறிவிடாது.

'குரலை முன்வைப்பது எழுத்துக்கு எதிரானதாயிற்றே, தெரிதா என்ன சொன்னார்?' என்று யாராவது கேட்கக்கூடும். திரைவாசிப்பானின் குரலைக் கேட்டுப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்தக் குரலுக்குப் பின்னால் பேசுபவர் யாருமில்லை. எழுத்துக் குறியீடு இல்லையென்றால் குரலும் இல்லை. பழகிய வாசகர் அதை நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓட விடுகிறார். எழுத்து தன்னைத்தானே ஒலித்துக்கொள்கிறது என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

4

நம் இலக்கிய வரலாற்றில் பார்வையற்றவர்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுத்தை எழுதச் சொல்லிக் கற்றார் என்கிறார்கள். இரட்டைப் புலவர்களில் பார்வையில்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்கள் என்கிறார்கள். சின்ன வயதில் அம்மையில் பார்வை போன பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் 19ஆம் நூற்றாண்டில் அவதானம் செய்து சபைகளை வென்றார். எல்லாம் அதிசயங்கள். அதிசயமாக இருந்தால் இடம் உண்டு. சாதாரண வாசகராக, சாதாரண மாணவராக, சுமாராகப் படிக்கிற ஒருவராக இருந்தால் இடம் இல்லை. முதுகில் எழுதிக் கற்ற கதையைச் சிலாகிக்கிற மரபு, அவருக்கு முதுகைத் தவிர வேறு பலகை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதில்லை.

அதிசயத்துக்கு மறுபக்கம் கருணை. ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளி வந்தது. சொல் மாறியதில் மரியாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'மாற்று' என்ற முன்னொட்டு மாற்றுத் திறனுக்கு மாற்று அறை என்று போய் நின்றுவிட்டது. நூலகத்தில் தரைத்தளத்தில் ஒரு பிரிவு, சில பிரெய்ல் புத்தகங்கள், பேசும் கணினி ஒன்று. கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் திறந்த பெரிய நூலகங்களில் இப்படித் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அவை தேவைதான். கேள்வி மேல்தளங்களைப் பற்றியது. அங்கே இருக்கும் மற்ற லட்சக்கணக்கான நூல்கள் யாருக்கு? இயலாமை உடலில் இல்லை, உடலைக் கணக்கில் எடுக்காமல் கட்டிய அமைப்பில்தான் இருக்கிறது என்ற வாதத்தை இங்கிலாந்தின் ஊனமுற்றோர் இயக்கத்தவர்கள் 1976இலேயே அறிக்கையாக வைத்துவிட்டார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கேட்கிற நமக்கு, கோப்புக்குள்ளும் படிக்கட்டு இருக்கிறது என்பது இன்னும் உறைக்கவில்லை.

பார்வையின்மை என்றால் பிரெய்ல் போதும் என்ற எண்ணமும் பொதுப்புத்திதான். நாற்பது ஐம்பது வயதில் சர்க்கரை நோயால் பார்வை இழப்பவருக்கு விரல்நுனியின் உணர்வும் குறைந்துபோயிருக்கலாம். தொழுநோய் விரலைப் பாதித்தவருக்குப் புள்ளி பிடிபடாது. நடுக்குவாதம் வந்தவருக்குக் கண் நன்றாக இருக்கும், பக்கத்தைப் புரட்ட முடியாது. பிறவியிலேயே காது கேளாதவர் பலருக்கு முதல் மொழி சைகை மொழி. எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சைகை விளக்கம் இல்லாத காணொளிப் பாடம் அவருக்கு எதற்கு? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 50 லட்சம். முதுமையில் எழுத்து மங்கும் நம்மை யாரும் அதில் எண்ணவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் இன்னும் இருபது வருஷத்தில் அந்த வரிசையில் நிற்கப்போகிறவர்கள்.

5

'உரிமைச் சிக்கல் இருக்கே தோழர்' என்று பதிப்பாள நண்பர்கள் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வழக்கமான வடிவில் படிக்க இயலாதவருக்காக ஒரு நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றுவதை லாப நோக்கமற்ற பணியாகச் செய்ய இடம் தருகிறது. உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2013இல் மரகேஷ் நகரில் உருவான உலக ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடே இந்தியாதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அச்சு, ஒலி, மின் ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகுதன்மையைப் பரிந்துரை போல விட்டுவிட முடியாது, கட்டாய விதி வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் இன்னொரு வழக்கு. இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அமில வீச்சில் முகம் சிதைந்தவரும் பார்வையற்றவரும் எப்படிச் சிமிட்டுவது? மின்வெளியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இருக்கிறது. ஆனால் எழுதுகிறவர்களாகிய நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? 2009இல் அமேசான் தன் இரண்டாவது கிண்டில் கருவியில் நூலைக் குரலில் படித்துக் காட்டும் வசதியை வைத்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. ஒலிநூல் தனி உரிமை, அது எங்கள் வருமானம் என்றார்கள். கம்பெனி இறங்கி வந்து, குரலை அடைத்துவைக்கும் அதிகாரத்தைப் பதிப்பகங்கள் கையில் கொடுத்தது. அந்த ஏப்ரலில் பார்வையற்ற வாசகர்கள் நியூயார்க்கில் எழுத்தாளர் சங்கத்தின் வாசலில் போய் நின்றார்கள். நாங்கள் இனாம் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் படிக்க விடுங்கள் என்பது அவர்கள் கேட்டது. எழுத்தாளர்களுக்கு எதிராக வாசகர்கள் ஊர்வலம் வர நேர்ந்ததே, இதை யோசிக்க வேண்டும். எழுத்தாளனின் வயிற்றுப்பாடு பொய்யில்லை. திருட்டுப் பிடிஎஃப்பால் நொந்துபோன சிறு பதிப்பாளரை எனக்குத் தெரியும். ஆனால் திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு திருடனைத் தடுப்பதில்லை. அவன் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். பூட்டுக்கு வெளியே நிற்பவர் காசைக் கையில் வைத்திருக்கும் பார்வையற்ற வாசகர்.

6

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை யூனிகோடில் அடித்து அந்தத் தோழருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பேசினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

'கேக்கிறதை ரொம்பப் பெருமையாப் பேசிட்டீங்க தோழர். டீக்கடையில ஒருத்தர் படிக்க நான் கேக்கணும்னா, அவர் எங்க நிறுத்துறாரோ அங்கதான் நானும் நிக்கணும். எது வேணும்னு தீர்மானிக்கிறது அவரு. எனக்கு அது வேணாம். நானே பின்னாடி போகணும். ரவா றவான்னு எழுத்தைத் தடவிப் பாக்கணும். நாப்பத்தேழாம் பக்கத்துக்கு நேராப் போகணும். ஆய்வேடு எழுதுறப்ப பக்க எண் கேப்பாங்கல்ல? தட்டச்சு செஞ்ச பிரதியில எழுத்து இருக்கு, பக்கம் இல்ல, எந்தப் பதிப்புன்னு இல்ல. படத்துல பக்கம் இருக்கு, எழுத்து இல்ல. நான் என்னத்த மேற்கோள் காட்டுறது?'

அவர் சொன்னதில் என் கட்டுரையின் ஒரு பகுதி விழுந்துவிடுகிறது. மூன்றாம் பகுதியை அப்படியே விட்டிருக்கிறேன், விழுந்த இடம் தெரியட்டும் என்று. படித்துக் காட்டுவது உதவி, தானே படிப்பது உரிமை. போர்ஹேஸுக்கு மாங்குவெல் கிடைத்தார். ஆய்வு மாணவருக்குக் கிடைப்பவர் 'அப்புறமா வந்து படிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும் விடுதி நண்பர்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். பக்கப் படத்தின் அடியில் திருத்தப்பட்ட எழுத்து வேண்டும். எழுத்தில் மூலநூலின் பக்க எண்ணும் பதிப்பு விவரமும் வேண்டும். தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், வெறுமனே தடித்த எழுத்தாக இருந்தால் திரைவாசிப்பானுக்குத் தெரியாது. படங்களுக்குச் சொல்லில் விளக்கம் வேண்டும். நூலகத்தின் தேடல் பெட்டி விசைப்பலகையில் மட்டும் இயங்குபவருக்கும் எட்ட வேண்டும். இதில் எதுவும் விண்வெளி விஞ்ஞானம் இல்லை. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் வாசிக்கிறது. மின்னூலகத்துக்குப் பணம் ஒதுக்குகிற அரசு, எத்தனை லட்சம் பக்கம் வருடினோம் என்று கணக்குக் காட்டுவதோடு எத்தனை பக்கம் வாசிக்கத்தக்கதாயிற்று என்றும் காட்டட்டும். இந்த இரண்டாவது கணக்கை ஒவ்வொரு நூலகத்திடமும் கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேட்பதற்கு முன்னால் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். விளிம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன? உளறும் பிடிஎஃப்பாகவும் பேசாத படமாகவும். நம் பழைய கோப்புகள் யாரோ ஒரு தட்டச்சாளர் தோழரின் குறுவட்டில் பாமினியிலோ வேறு எழுத்துருவிலோ கிடக்கும். அவற்றை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றும்போது எழுத்துக்கு முன்னால் அடிக்கப்பட்ட கொம்பு இடம் மாறி நிற்கும், ஒற்றெழுத்து சிதறும். உட்கார்ந்து திருத்த வேண்டும். ஓர் இதழுக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டால் முடிகிற வேலை.

முதல் இதழை நான் எடுத்திருக்கிறேன். 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று சொன்ன அதே இதழ். 38 பக்கம் முடிந்திருக்கிறது. தோழர் மெய்ப்புப் பார்க்கிறார். நேற்று ஒரே பக்கத்தில் பதினொரு பிழை பிடித்தார். அதில் ஆறு, கண்ணால் மூன்று முறை படித்து நான் தவறவிட்டவை.